பிளாக் ஃபிளாக்: வேனிலேயே வாழ்ந்த ஒரு பங்க் குழுவின் நிகழ்வு ஆய்வு

பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரும்பாலும் முடி, ஊக்கு, தோல் ஜாக்கெட், லண்டன் என்று போய் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். எனக்கு அந்தப் பக்கம் பெரிய ஆர்வம் இல்லை. என் கேள்வி வேறு. ரேடியோ உன் பாட்டைப் போடாது, பெரிய ரெக்கார்டு கம்பெனி உன்னை வாசலிலேயே நிறுத்தும், சொந்த ஊர்ப் போலீஸே நிகழ்ச்சியைக் கலைக்கும். இந்த நிலைமையில் ஒரு குழு ஒரே வருடத்தில் 170க்கும் மேற்பட்ட இரவுகள் மேடை ஏறியது எப்படி? 1984இல் அமெரிக்காவின் பிளாக் ஃபிளாக் அதைச் செய்தது. அந்த வண்டி எதனால் ஓடியது, பிறகு எதனால் நின்றது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. பாட்டு நன்றாக இருக்கிறதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, அது அவரவர் காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரெக்கார்டு அடிப்பது, மேடை பிடிப்பது, சுவரொட்டி ஒட்டுவது என வெளியே தேவைப்பட்ட எல்லாவற்றையும் இந்தக் குழு தன் கையாலேயே கட்டிக்கொண்டது. கட்டாமல் விட்டது ஒன்றுதான்: உள்ளே இருந்த மனிதர்களுக்கு இடையே ஓர் ஒப்பந்தம். யாருக்கு எவ்வளவு, யார் முடிவெடுப்பது, எப்போது ஓய்வு என்பதெல்லாம் கடைசிவரை வாயளவில்கூட ஒழுங்காகப் பேசப்படவில்லை. மேடையில் நடந்த அடிதடியைவிட இதுதான் குழுவைத் தின்றது என்று நினைக்கிறேன்.

ரேடியோப் பெட்டி விற்ற பையன்

1976இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே ஹெர்மோசா பீச் என்ற கடலோர ஊரில் கிரெக் கின் என்ற கிட்டார்காரர் இந்தக் குழுவைத் தொடங்கினார். முதல் பெயர் பேனிக். அதே பெயரில் வேறொரு குழு இருந்ததால் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. பிளாக் ஃபிளாக் என்று பெயர் சொன்னதும், இன்றுவரை உலகம் முழுக்கப் பச்சை குத்திக்கொள்ளப்படும் அந்த நான்கு கறுப்புப் பட்டைகளை வரைந்ததும் அவருடைய தம்பி ரேமண்ட் பெட்டிபான். பிற்காலத்தில் அவர் பெரிய அருங்காட்சியகங்களில் மாட்டப்படும் ஓவியரானார். அன்றைக்கு அவர் வேலை அண்ணனின் குழுவுக்கு நோட்டீஸ் வரைவது.

கின்னைப் புரிந்துகொள்ள அவருடைய பழைய தொழிலைப் பார்க்க வேண்டும். பள்ளிப் பருவத்திலேயே, சுமார் 12 வயதில், அமெச்சூர் ரேடியோ கருவிகளைத் தயாரித்து அஞ்சல் வழியாக விற்கும் சின்ன வியாபாரம் ஒன்றை ஆரம்பித்தார். அதன் பெயர் சுருக்கமாக எஸ்எஸ்டி. அப்புறம் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யூசிஎல்ஏவில் பொருளாதாரம் படித்தார். ஆக, பங்க்குக்கு வரும்போதே இந்த ஆளுக்குப் பொருள் வாங்குவது, பெட்டி கட்டுவது, தபாலில் அனுப்புவது, கணக்கு எழுதுவது எல்லாம் பழகிப்போயிருந்தது. மற்ற குழுக்கள் கிட்டாரோடு வந்தன, இவர் கிட்டாரோடு ஒரு கிடங்குக்காரனின் மூளையையும் கொண்டுவந்தார்.

முதல் நான்கு பாட்டுகள் பதிவாகிவிட்டன. வெளியிடுவதாக இருந்த லேபிள், அதாவது ரெக்கார்டு கம்பெனி, இழுத்துக்கொண்டே போனது. கின் என்ன செய்தார்? தொலைபேசி டைரக்டரியைப் புரட்டி ரெக்கார்டு அடித்துத் தரும் ஆலை எங்கே இருக்கிறது என்று தேடி, போய்ப் பணம் கட்டி அடித்துக்கொண்டார். ரேடியோ வியாபாரத்தின் பெயரையே லேபிளுக்கும் வைத்தார். 1979 தொடக்கத்தில் எஸ்எஸ்டி ரெக்கார்ட்ஸின் முதல் வெளியீடு அப்படித்தான் வந்தது. புரட்சி, கலகம் என்று இதைப் பின்னாளில் பெரிதாக எழுதினார்கள். படித்துப் பார்த்தால் எனக்கு அது பொறுமை போன ஒரு சிறு வியாபாரியின் செயலாகத்தான் தெரிகிறது, அதுவே எனக்குப் பிடித்தும் இருக்கிறது.

ஊரில் இடமில்லை, அதனால் சாலை

இவர்கள் ஊர் ஊராகப் போனதற்கு முதல் காரணம் ஆசை என்று நான் நம்பவில்லை. ஊரில் வாசிக்க இடமில்லை என்பதுதான் காரணம். கிளப்புகள் இவர்களைச் சேர்க்கத் தயங்கின. கிடைத்த இடத்தில் வாசித்தாலும் ஒருமுறை வாசித்த இடத்தில் மறுமுறை கூப்பிடமாட்டார்கள். 1979 கோடையில் பக்கத்து மன்ஹாட்டன் பீச்சில் உள்ள பாலிவாக் பூங்காவில், குடும்பங்கள் சாப்பாட்டுக் கூடையோடு வந்து புல்லில் உட்காரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியில், தாங்கள் சாதாரணக் குழுதான் என்று அதிகாரிகளிடம் சொல்லி மேடை வாங்கினார்கள். பாட்டு ஆரம்பித்ததும் வந்திருந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாட்டையே மேடையை நோக்கி எறிந்தார்கள். சிரிக்கத் தோன்றும் கதைதான், ஆனால் அடுத்து நடந்தவை அவ்வளவு வேடிக்கையானவை அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் இவர்கள் நிகழ்ச்சி என்றாலே கலவரத் தடுப்பு உடையோடு வந்து நிற்கத் தொடங்கியது. அரங்கு நடத்துபவருக்கு அது போதும், அடுத்த முறை போனை எடுக்கவே மாட்டார்.

சரி, உள்ளூரில் மாதத்துக்கு ஒரு மேடைகூட உறுதியில்லை என்றால் என்ன வழி? ஒரே ஊரில் முப்பது தடவை வாசிப்பதற்குப் பதிலாக முப்பது ஊரில் ஒவ்வொரு தடவை வாசிப்பது. ஆனால் முப்பது ஊரிலும் யாரைக் கேட்பது?

அதற்குத்தான் கடற்கரை ஓரமாக மேலே போனார்கள். சான் பிரான்சிஸ்கோவில் டெட் கென்னடிஸ், எல்லை தாண்டிக் கனடாவின் வான்கூவரில் டி.ஓ.ஏ. இருந்தன. இந்தக் குழுக்களுக்குள் ஒரு பழக்கம் உருவானது. எந்த ஊரில் எந்தப் பையனுக்கு மண்டபம் பிடிக்கத் தெரியும், யார் வீட்டில் தரையில் படுக்கலாம், எந்த ஊர் கிளப்காரர் காசு கொடுக்காமல் ஏமாற்றுவார் என்ற தகவலையெல்லாம் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு குழு ஒரு ஊருக்குப் போய்வந்தால் அந்த ஊரின் தொலைபேசி எண் அடுத்த குழுவின் கைக்கு வந்துவிடும். இணையம் இல்லை, ஏஜென்ட் இல்லை, கைநோட்டில் எழுதிய எண்கள்தான். பிற்காலத்தில் அமெரிக்காவில் பெரிய கம்பெனி தயவில்லாமல் வேனில் சுற்றிய அத்தனை குழுக்களும் இந்த எண்களின் மேல்தான் ஓடின என்று சொன்னால் கொஞ்சம் மிகை, ஆனால் ரொம்ப மிகையில்லை.

மண்டபம் என்று சொன்னேன், அதற்கும் ஒரு காரணம் உண்டு. கலிஃபோர்னியாவில் மது அருந்தும் வயது 21. மற்ற மாநிலங்களில் அது வேறு வேறாக இருந்தது, 1984இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக எல்லா இடத்திலும் 21 ஆனது. இசைக் கிளப்புகள் பிழைப்பதோ மது விற்பனையில். பங்க் கேட்க வருகிறவனோ பதினாறு, பதினேழு வயதுப் பையன். அவனைக் கிளப்புக்குள் விடவும் முடியாது, விட்டாலும் அவனால் கல்லாவுக்கு லாபமில்லை. ஆகவே முன்னாள் படைவீரர் சங்க மண்டபம், சமுதாயக் கூடம், காலியாகக் கிடக்கும் கிடங்கு என்று ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, எல்லா வயதினரும் வரலாம் என்று நோட்டீஸில் போட்டு நடத்தினார்கள். இதைக் கொள்கை என்று பலர் எழுதுகிறார்கள். கொள்கையும்தான், ஆனால் டிக்கெட் வாங்குகிற கூட்டத்தின் வயதும் அதுதானே!

ஒரு இரவின் கணக்கு

இந்தக் கணக்கு என் ஊகம்தான், ஆனால் அளவுகோல் சரியானது. 80களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோல் ஏறக்குறைய 1.30 டாலர். ஆட்களும் ஆம்ப் என்ற கிட்டார் ஒலிபெருக்கிகளும் நிறைந்த ஒரு வேன் ஒரு கேலனுக்கு 11 அல்லது 12 மைல் கொடுத்தால் நல்ல வேன். சால்ட் லேக் சிட்டியிலிருந்து டென்வர் சாலை வழியே 500 மைலுக்குச் சற்று மேல். ஆக அந்த ஒரு பயணத்துக்கு மட்டும் எரிபொருள் 55, 60 டாலர். டிக்கெட் விலை ஐந்து டாலர் வாக்கில் என்றால் பன்னிரண்டு பேர் வந்தால் பெட்ரோல் காசு தேறியது. நூறு பேர் வந்தால் மண்டப வாடகை, ஒலிபெருக்கி வாடகை, முதலில் வாசிக்கும் உள்ளூர்த் துணைக்குழுவுக்குக் கொஞ்சம் போக மீதியில் சாப்பாடு. வேன் நடுவழியில் நின்றால் போன வாரத்து மீதி மொத்தமும் போச்சு.

இந்தக் கணக்கில் ஒன்று பளிச்சென்று தெரியும். வாசிக்காத நாள் என்பது வெறும் நஷ்டம். அன்றைக்கும் ஆறேழு பேர் சாப்பிட வேண்டும், வண்டியில் எண்ணெய் ஊற்ற வேண்டும், வருமானமோ பூஜ்யம். அதனால் ஓய்வுநாள் இல்லாமல் அடுத்தடுத்து நிகழ்ச்சி வைப்பதுதான் பொருளாதாரம் படித்தவருக்குச் சரியாகப் பட்டிருக்கும். செவ்வாய்க்கிழமை இரவு யாரும் போகாத ஒரு சின்ன ஊரில் முப்பது பேர் முன்னால் வாசிப்பதும் அதனால்தான், அந்த முப்பது பேர் கொடுத்த காசு புதன்கிழமை ஊருக்குப் போகும் பெட்ரோல். அந்த முப்பது பேரில் நாலைந்து பேர் அடுத்த மாதமே சொந்தக் குழு ஆரம்பித்தது இதன் பக்கவிளைவு. யாரும் அதைத் திட்டமிடவில்லை.

இந்த வேலையின் முதுகெலும்பு பேஸ் கிட்டார் வாசித்த சக் டுகோவ்ஸ்கி. பகல் முழுக்கத் தொலைபேசியில் உட்கார்ந்து ஊர் ஊராக நிகழ்ச்சி பிடித்தவர் அவர். ஊடகத்திடம் பேசுவது, கல்லூரி வானொலிகளுக்கு ரெக்கார்டு போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது, வழி வரைபடம் போடுவது என எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. பாடகர்களைப் பற்றி வண்டி வண்டியாக எழுதியிருக்கிறார்கள், இவரைப் பற்றி அதில் கால்வாசிகூட இல்லை. சாலையில் வாழும் ஒரு குழுவுக்குப் பாடகர் போனால் இன்னொருவர் கிடைப்பார், நாற்பது ஊரின் அரங்குக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர் போனால் கிடைப்பது கஷ்டம்.

பாடகர்கள் உண்மையிலேயே மாறிக்கொண்டே இருந்தார்கள். கீத் மோரிஸ் 1979இல் விலகினார். அடுத்து வந்த ரான் ரேயஸ் 1980இல் ஒரு நிகழ்ச்சியின் நடுவிலேயே மைக்கை விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார், கூட்டத்தின் அடிதடி அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது டெஸ் கடேனா. பாடிப் பாடித் தொண்டை கட்டிப்போன அவர் கிட்டாருக்கு மாற விரும்பினார். 1981இல் தலைநகர் வாஷிங்டனில் ஒரு ஐஸ்கிரீம் கடையின் மேலாளராக இருந்த, அப்போது 20 வயதான ஹென்றி ரோலின்ஸ் நியூயார்க்கில் இவர்கள் மேடையில் ஏறி ஒரு பாட்டுப் பாடினார். கொஞ்ச நாளில் சோதித்துப் பார்த்துவிட்டு அவரையே பாடகராக்கிவிட்டார்கள். அவர் கடை வேலையை விட்டார், காரை விற்றார், கலிஃபோர்னியாவுக்கு வந்தார். வந்தவருக்குக் கிடைத்தது தினமும் பல மணி நேர ஒத்திகை. வேலைக்குப் போவது மாதிரி ஒத்திகைக்குப் போனார்கள், ஞாயிறு விடுமுறை இல்லை. பங்க் என்றால் வாசிக்கத் தெரியாதவர்கள் என்ற பேச்சுக்கு இந்த ஒத்திகை அறைதான் பதில்.

எல்லைகளும் ஆளைப் பறித்தன. 1981 டிசம்பரில் பிரிட்டன் பயணம். குளிர், கூட்டத்தின் வெறுப்பு, பணமின்மை என எல்லாம் ஒன்றாக வந்தது. போதாததற்கு கொலம்பியாவைச் சேர்ந்த டிரம்மர் ரோபோ விசா சிக்கலால் அமெரிக்கா திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார். அடுத்த ஒன்றரை வருடத்துக்கு டிரம்ஸில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது, வான்கூவர் டி.ஓ.ஏ.வின் டிரம்மர் சக் பிஸ்கிட்ஸ்கூடக் கொஞ்ச காலம் வந்து வாசித்தார். அதாவது தொலைபேசி எண் மட்டும் இல்லை, ஆளையும் அந்த வலைதான் கொடுத்தது.

நீதிமன்றம்

முதல் முழு ஆல்பத்தை 1981இல் யூனிகார்ன் என்ற லேபிளோடு சேர்ந்து வெளியிட ஏற்பாடானது. யூனிகார்னின் சரக்கைக் கடைகளுக்கு அனுப்புவது எம்சிஏ என்ற பெரிய கம்பெனி. கடைசி நேரத்தில் எம்சிஏ அதிகாரி ஒருவர் இது பெற்றோருக்கு எதிரான ரெக்கார்டு என்று சொல்லி ஒதுங்கிவிட்டார். உறைகள் எல்லாம் அச்சாகி முடிந்திருந்தன. குழுவினர் அந்த அதிகாரி சொன்னதையே ஸ்டிக்கராக அடித்து உறையில் இருந்த எம்சிஏ சின்னத்தின் மேல் ஒட்டினார்கள். அந்தக் குசும்பு எனக்கு இன்றும் பிடிக்கும்.

பிறகு வந்ததில் குசும்புக்கு இடமில்லை. யூனிகார்னோடு பணத் தகராறு, வழக்கு, குழு தன் பெயரில் எதையும் வெளியிடக் கூடாது என்று நீதிமன்றத் தடை. 1982இல் எஸ்எஸ்டி பழைய பதிவுகளைத் தொகுத்து, குழுவின் பெயரே போடாமல், உறுப்பினர்களின் பெயர்களை மட்டும் அச்சிட்டு ஓர் இரட்டை ஆல்பம் கொண்டுவந்தது. நீதிமன்றம் அதை ரசிக்கவில்லை. தடையை மீறியதாகக் கின்னும் டுகோவ்ஸ்கியும் 1983இல் ஐந்து நாள் சிறையில் இருந்தார்கள். அதே வருடம் யூனிகார்ன் திவாலானதால்தான் இவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

சுற்றுப்பயணக் கதையில் இந்த வழக்கு ஏன் முக்கியம்? ரெக்கார்டு விற்க முடியாத அந்தக் காலத்தில் வருமானத்துக்கு மேடையை விட்டால் வேறு வழியே இல்லை. சாலை என்பது அதுவரை ரெக்கார்டை விற்க உதவும் வழியாக இருந்தது, வழக்குக்குப் பிறகு அதுவே பிழைப்பாகிவிட்டது. அந்தப் பழக்கம் வழக்கு முடிந்த பிறகும் மாறவில்லை. 1984இல் தடை இல்லாத முதல் முழு வருடத்தில் மூன்று ஆல்பங்களை அடுத்தடுத்து இறக்கிவிட்டு, அந்த 170 சொச்ச நிகழ்ச்சிகளையும் நடத்தினார்கள். தேக்கி வைத்த தண்ணீரைத் திறந்துவிட்ட மாதிரி. கேட்கிறவனுக்கு மூச்சு வாங்கியது, வாசிக்கிறவனுக்கு இன்னும் அதிகமாக வாங்கியிருக்கும்.

அந்த வருடத்துக் கூட்டம் வேகமான, ஒன்றரை நிமிடப் பாட்டுக்காக வந்தது. குழு கொடுத்ததோ ஆறு நிமிடம் இழுக்கும், மெதுவான, கனமான பாட்டுகள். போதாக்குறைக்கு உறுப்பினர்கள் முடியை வேறு நீளமாக வளர்த்திருந்தார்கள். பல ஊர்களில் எச்சில், பாட்டில், அடி. ரோலின்ஸ் மேல் சிகரெட்டை அணைத்தார்கள், சிறுநீர் நிரம்பிய கோப்பையை வீசினார்கள், அவரும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை, திருப்பி அடித்தார். ஆனால் வடமேற்கே வாஷிங்டன் மாநிலத்தில் மெல்வின்ஸ் போன்ற இளம் குழுக்கள் அந்த மெதுவான கனத்தைத்தான் பிடித்துக்கொண்டன. சில வருடங்கள் கழித்து அந்த மாநிலத்தின் சியாட்டில் நகரின் பெயரோடு உலகம் முழுக்கப் போன கிரஞ்ச் என்ற ராக் சத்தத்தில் இதன் பங்கு கணிசம்.

வேனுக்குள்

வேன் வாழ்க்கையை வீரகாவியமாக எழுதுவது சுலபம், அதைத் தவிர்க்கப் பார்க்கிறேன். சாமான்களுக்கு நடுவே தூங்குவது, குளிக்காமல் நாலு நாள், ஒரே ஈரச் சட்டையை மறுநாளும் மாட்டுவது, முந்தின இரவு அடித்துக்கொண்டவனோடு பத்து மணி நேரம் தோளோடு தோள் உட்கார்ந்து போவது. சம்பளம் என்று ஒன்றும் இல்லை, சாப்பாட்டுக்கு ஒரு சிறு தினப்படி. அதில் மிச்சம் பிடித்தால்தான் கைச்செலவு. லேபிளின் அலுவலகமும் ஒத்திகை அறையும் படுக்கையும் பல காலம் ஒரே இடத்தில்தான், ஆகவே பயணம் முடிந்து திரும்பினாலும் வீடு என்று ஒன்று இல்லை. ரோலின்ஸ் கொஞ்ச காலம் கின்னின் பெற்றோர் வீட்டுக் கொல்லையில் இருந்த ஒரு சின்னக் கொட்டகையில் குடியிருந்தார். அந்த வருடங்களில் அவர் எழுதிய நாட்குறிப்பு 1994இல் புத்தகமாக வந்தது, அதை அவரே வாசித்த ஒலிப்பதிவுக்கு அடுத்த வருடம் கிராமி விருது கிடைத்தது. வேன் நாட்களில் கிடைத்த காசைவிட வேன் நாட்களைப் பற்றி எழுதியதில் அவருக்கு அதிகம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதில் என்னை அதிகம் உறுத்துவது கிரா ரோஸ்லரின் கதை. 1983 முடிவில் பேஸ் வாசிக்க வந்தவர், யூசிஎல்ஏ மாணவி. கல்லூரிப் பாடங்களுக்கு இடைப்பட்ட நாட்களில் சுற்றுப்பயணம், மீதி நாளில் வகுப்பு, இரவில் ஒத்திகை. ஆரம்பத்திலேயே கையில் காயம். ஆறுவதற்கு நேரம் கொடுக்காத அட்டவணையில் வலியோடுதான் வாசித்தார். கை இல்லாமல் பேஸ் வாசிக்க முடியாது என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா என்ன? ஆனால் வாசிக்காத நாள் வெறும் நஷ்டம் என்ற கணக்கில் காயத்துக்கு ஒரு கட்டம் இல்லை.

துணைக்குழுக்கள் விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கு நன்றாக வேலை செய்தது. எஸ்எஸ்டி பெரிதாகி மினிட்மென், மீட் பப்பெட்ஸ், ஹஸ்கர் டூ என வரிசையாகக் குழுக்களை வெளியிட ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு பயணத்திலும் சொந்த லேபிளின் குழுக்களையே முன்னால் வாசிக்கவிட்டார்கள். விளம்பரச் செலவு மிச்சம், ஒலிக்கருவிகளைப் பகிரலாம், இரவு முடிந்ததும் மேசையில் மூன்று குழுக்களின் ரெக்கார்டும் விற்கும். 1983இல் ஐரோப்பாவுக்கு மினிட்மென் கூடவே போனது. 1986இல் கின் இன்னும் ஒருபடி மேலே போய்த் தன்னுடைய இன்னொரு மூவர் குழுவான கானையே துணைக்குழுவாகப் போட்டு, ஒரே இரவில் இரண்டு முறை மேடை ஏறினார். உழைப்பு என்று பார்த்தால் வாயைப் பிளக்க வேண்டியதுதான். ஆனால் துணைக்குழுவும் முதலாளியும் லேபிளும் கிட்டாரும் ஒரே ஆள் என்றால், மற்றவர்கள் யார் என்ற கேள்வி அங்கே தானாக வருகிறது.

எங்கே உடைந்தது

வழக்கு முடிந்த 1983இலேயே டுகோவ்ஸ்கி குழுவிலிருந்து விலக வைக்கப்பட்டார். அவர் பேஸ் வாசிக்கும் விதம் கின்னுக்குச் சரிப்படவில்லை. இதில் விசித்திரம் என்னவென்றால், மேடையிலிருந்து இறக்கப்பட்ட மனிதர் தொலைபேசியிலிருந்து இறங்கவில்லை. எஸ்எஸ்டியிலேயே இருந்துகொண்டு, தான் இல்லாத குழுவுக்குத் தொடர்ந்து நிகழ்ச்சி பிடித்துக் கொடுத்தார். இதைப் பெருந்தன்மை என்றும் சொல்லலாம், அந்த அமைப்பு எவ்வளவு கோணலாகிவிட்டது என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதன் பக்கம்.

1985இல் டிரம்மர் பில் ஸ்டீவன்சன் போனார், ரோஸ்லரும் போனார். வந்தவர்களுக்குப் பாட்டு தெரியும், ஆனால் ஏன் இப்படி ஓடுகிறோம் என்பதற்கான பழைய காரணம் தெரியாது. 1986 ஜூன் 27 அன்று டெட்ராய்ட்டில் கடைசி நிகழ்ச்சி, அது கடைசி என்று வாசித்தவர்களுக்கே தெரியாது. ஆகஸ்டில் கின் ரோலின்ஸைத் தொலைபேசியில் அழைத்துத் தான் குழுவிலிருந்து விலகுவதாகச் சொன்னார். குழுவை ஆரம்பித்தவரே விலகினால் என்ன மிச்சம்? அவ்வளவுதான், முடிந்தது.

உயிர் போகும் அபாயமும் இந்த வாழ்க்கையில் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. மினிட்மென்தான் இந்த முறையை இன்னும் சிக்கனமாகச் செய்த குழு: குறைந்த செலவில் ரெக்கார்டு, சாமானைத் தாங்களே தூக்குவது, தாங்களே ஓட்டுவது, மூன்று நண்பர்கள். 1985 டிசம்பர் 22 அன்று அரிசோனா பாலைவன நெடுஞ்சாலையில் ஒரு வேன் கவிழ்ந்தது. காய்ச்சலில் பின்புறம் படுத்திருந்த அவர்கள் கிட்டார்காரரும் பாடகருமான டி. பூன் தூக்கி எறியப்பட்டு இறந்தார், வயது 27. அது சுற்றுப்பயண நாள்கூட இல்லை. ஆனாலும் வேனின் பின்புறத்தில் பெல்ட் இல்லாமல் படுத்துக்கொண்டு போவது அந்த உலகத்தில் எல்லோரும் தினமும் செய்த காரியம்.

இதே வேன் வாழ்க்கையை வேறு மாதிரி நடத்திக் காட்டியவர்களும் இருக்கிறார்கள். ரோலின்ஸின் சிறுவயது நண்பர் இயான் மக்காய் வாஷிங்டனிலேயே தங்கி, 1987இல் ஃபுகாஸி என்ற குழுவோடு மேடைக்கு வந்தார். அவர்களும் சொந்த லேபிள், ஏஜென்ட் இல்லாமல் மக்காயே தொலைபேசியில் நிகழ்ச்சி பிடிப்பது, எல்லா வயதினருக்கும் அனுமதி, டிக்கெட் ஐந்து டாலர் வாக்கில் என்று பிளாக் ஃபிளாக்கின் அதே பாதையில்தான் போனார்கள். 15 வருடத்தில் சுமார் ஆயிரம் நிகழ்ச்சிகள், அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும். முதல் நிகழ்ச்சிகளுக்குப் பிறகு உருவான நால்வர் கூட்டணி 2002இல் லண்டனில் கடைசியாக வாசிக்கும்வரை மாறவே இல்லை. ஆயிரத்தைப் பதினைந்தால் வகுத்துப் பாருங்கள், வருடத்துக்கு ஏறக்குறைய 67. பிளாக் ஃபிளாக்கின் 1984ஐவிட இது பாதிக்கும் குறைவு. நால்வரும் சேர்ந்துதான் முடிவெடுப்பார்கள், ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குழந்தை குட்டி, குடும்பக் கடமைகள் வந்தபோது நிறுத்திக்கொண்டார்கள், யாரும் யாரையும் துரத்தவில்லை. நியாயமாகச் சொல்வதென்றால், ஃபுகாஸிக்குப் பாதை ஏற்கெனவே வெட்டிக் கிடந்தது, பிளாக் ஃபிளாக் வெட்டிக்கொண்டே போனது. அதை மறந்து இரண்டையும் தராசில் வைப்பது தவறு. ஆனால் நால்வருக்கும் சம உரிமை என்ற முடிவுக்குப் பணமோ பாதையோ தேவையில்லை. அதை 1979இலும் எடுத்திருக்கலாம்.

பேசாமல் விட்டது பின்னால் வட்டியோடு வந்தது. எஸ்எஸ்டியில் வெளியிட்ட சில குழுக்கள் ராயல்டி வரவில்லை என்று பிரிந்தன, சோனிக் யூத் தன் பதிவுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2013இல் மோரிஸ், டுகோவ்ஸ்கி, ஸ்டீவன்சன், கடேனா ஆகியோர் ஃபிளாக் என்ற பெயரில் பழைய பாட்டுகளை வாசிக்கக் கிளம்பினார்கள். அதே வருடம் கின்னும் பிளாக் ஃபிளாக்கைப் புதுப்பித்து, ரான் ரேயஸையே மீண்டும் பாடகராக அழைத்திருந்தார். பெயரும் நான்கு பட்டைச் சின்னமும் தங்களுடையவை என்று கின் தரப்பு நீதிமன்றம் போனது. இடைக்காலத் தடை கொடுக்க நீதிபதி மறுத்துவிட்டார். அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே மேடைக்கு வந்து, நீ குழுவில் இல்லை, இறங்கு என்று ரேயஸிடம் சொன்னார்கள். மீதிப் பாட்டுகளைப் பாடியது வேறொருவர்.